அடுத்த வண்டி வாங்குமுன்... பழைய வண்டி சொல்லும் பாடங்கள்!

விழுப்புரம் மாவட்டம், காணை வட்டாரத்தில் விவசாய வேலையில் பாதி இரண்டு சக்கரத்தில்தான் நடக்கிறது. பால் கேன், யூரியா மூட்டை, மருந்து தெளிப்பான், மாட்டுக்குப் புல்லுக்கட்டு எல்லாம் வண்டியில்தான் போகின்றன. உளுந்து, மணிலா மாதிரியை எடுத்துக்கொண்டு விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போவதும், நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதே வண்டிதான்.

உழவு மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்கியவர்கள் நம் முன்னோர். இன்று ஒரு லட்சத்தைத் தொடும் வண்டியை, மகன் காட்டும் விளம்பரத்தைப் பார்த்து ஒரே நாளில் வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஓடிய வண்டிகளே நல்ல ஆசான்கள். அவை தந்த பாடங்களைக் கணக்கில் எடுத்தால் ஏமாற்றம் குறையும்.

டி.வி.எஸ். 50 தந்த பாடம்

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கியர் கிடையாது, இருவர் போகலாம், விலையும் கைக்கு எட்டியது. முன்பக்கம் மூட்டை வைக்க இடம் இருந்ததால் இந்த வகை வண்டி வயல்காட்டில் நிலைத்தது. பால்காரர்களுக்கு பஜாஜ் எம்80 கைகொடுத்தது. இவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், புகையும் அதிகம். 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினால் மைலேஜ் என்றால் என்ன என்பதைக் காட்டியது. 2015-ல் எக்ஸ்.எல். 100 வந்தபோது மொபெட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது.

இதில் உள்ள பாடம் ஒன்றுதான். வேலைக்கு ஏற்ற வண்டிதான் நிலைக்கும். தினமும் மூட்டையும் கேனும் ஏற்றுபவருக்கு, கால் வைக்கும் இடத்தில் சுமை தாங்கும் மொபெட் பொருந்தும். குடும்பத்தோடு திண்டிவனம், திருவண்ணாமலை என்று அடிக்கடி போகிறவருக்கு 100 அல்லது 110 சி.சி. பைக் பொருந்தும். வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு 150 சி.சி. தேவையில்லை.

சுமைக்கும் கணக்கு உண்டு

ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. இரண்டு மூட்டை 90 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ என்றால் மொத்தம் 155 கிலோ. பெரும்பாலான 100 சி.சி. வண்டிகளுக்கு இது அளவுக்கு மேல். எவ்வளவு ஏற்றலாம் என்பது வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும். அந்த எடையில் ஓட்டுபவரும் அடக்கம். பழைய வண்டியில் பின் ஷாக் அப்சார்பர் அடிக்கடி ஆயில் கக்கியிருந்தால், ஸ்போக் கம்பி உடைந்திருந்தால், காரணம் சுமைதான். அதிக சுமையில் பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும். உயிருக்கே ஆபத்து.

சீமைக்கருவேல முள் நிறைந்த வரப்புப் பாதைக்கு ட்யூப்லெஸ் டயர் நல்லது. முள் குத்தினாலும் காற்று உடனே இறங்காது. ஆனால், அலாய் சக்கரம் பெரிய பள்ளத்தில் அடிபட்டால் விரிசல் விடலாம். ஸ்போக் சக்கரம் வளைந்தால் உள்ளூரிலேயே நிமிர்த்திவிடலாம். பாதையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பழைய பழக்கம், புதிய வண்டி

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் வண்டிகள் பி.எஸ். 6 வகை. பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். பெட்ரோல் வற்றும்வரை ஓட்டி, டேங்கைச் சாய்த்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் இதற்கு ஆகாது. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். பம்ப் கெட்டால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். பேட்டரி இறங்கினாலும் வண்டி தகராறு செய்யும். எனவே வாங்குமுன், இந்த மாடலைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரிப்பது அவசியம்.

மின்சார வண்டி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்ப்செட்டுக்குத் தரப்படும் இலவச மின்சாரத்தில் வண்டிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. வீட்டு இணைப்பில்தான் ஏற்ற வேண்டும்.

ஃபெஞ்சல் காட்டிய உண்மை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மாவட்டத்தில் பயிர்களோடு வண்டிகளும் மூழ்கின. மூழ்கிய வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்வது பெரிய தவறு. உள்ளே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் பால் கலந்த டீ போலத் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டரை மாற்றிய பிறகே இயக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு பாடம் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இதை வைத்து, "ஐந்து வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் ஓராண்டுக்கு மட்டுமே இருக்கும். அதைப் புதுப்பிக்காவிட்டால் வெள்ளத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.

அதைவிட முக்கியமானது, உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு. இதன் தொகை 15 லட்சம் ரூபாய். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, அவர் லைசென்ஸோடு ஓட்டும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இது கிடைக்கும். அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகன் என்றால் இந்தக் காப்பீடு மகனுக்கு உதவாது. அதனால், தினமும் ஓட்டப்போகிறவர் பெயரிலேயே வண்டியைப் பதிவு செய்வது நல்லது.

தவணையும் அறுவடையும்

விவசாயிக்கு வருமானம் பருவத்துக்கு ஒருமுறை. தவணையோ மாதாமாதம். கரும்புப் பணம் தள்ளிப்போனால் தவணைக்கு வீட்டு நகை அடகுக்குப் போகும். வட்டியையும் விசாரிக்க வேண்டும். 80,000 ரூபாய்க்கு 11 சதவீதம் 'ஃபிளாட்' வட்டியில் மூன்று ஆண்டு என்றால் வட்டி மட்டும் 26,400 ரூபாய். மாதம் சுமார் 2,956 ரூபாய் கட்ட வேண்டும். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால், உண்மையான வட்டி ஏறத்தாழ 20 சதவீதம். அறுவடை முடிந்த கையோடு பாதிக்கு மேல் முன்பணம் கட்டி, மீதியை ஓராண்டில் முடிப்பது பாதுகாப்பு.

மைலேஜையும் கணக்கிடலாம். தினமும் 20 கி.மீ., ஆண்டுக்கு 300 நாள் என்றால் 6,000 கி.மீ. லிட்டருக்கு 60 கி.மீ. தரும் வண்டிக்கு 100 லிட்டர் பெட்ரோல், 45 கி.மீ. தரும் வண்டிக்கு 133 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்றால் ஆண்டுக்குச் சுமார் 3,400 ரூபாய் வித்தியாசம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அறிய, சீட்டைக் கழற்றி ஒயர் இணைப்புகளில் சேறு, பச்சைப் பூச்சு இருக்கிறதா என்று பார்க்கலாம். விற்கிறவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. பெயர் மாற்றாமல் விற்ற வண்டி விபத்து செய்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு.

ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, இப்போது இருக்கும் வண்டிக்குக் கடந்த ஓராண்டில் ஆன பெட்ரோல், டயர், ரிப்பேர் செலவை எழுதுங்கள். எந்த வேலைக்கு அது கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதையும் வீட்டுப் பெண்களைக் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள். அடுத்து எந்த வண்டி வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.