மெத்தை நனைந்தால் பிள்ளையை அடிக்கலாமா?

துவாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அப்பா வீடு திரும்புகிறார். நனைந்த மெத்தையருகே பிள்ளை அழுகிறது. தாய்மார்களே, கோபம் வேண்டாம்!

பகலில் பழகிய குழந்தைக்கும் இரவுக் கட்டுப்பாடு தாமதமாகவே வரும். இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனும், சிறுநீர்ப்பை நிறைந்ததும் விழித்துக்கொள்ளும் உணர்வும் மெல்லத்தான் முதிரும். 5 வயதில் நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகள் இப்படித்தான். உங்களுக்கும் சிறுவயதில் இருந்ததா? பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். இது பரம்பரையாகவும் வரும்.

பகலில் போதிய தண்ணீர் கொடுங்கள். படுக்குமுன் சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். 7 வயதுக்குப் பின்னும் தொடர்ந்தாலோ, 6 மாதம் நின்று மீண்டும் தொடங்கினாலோ, எரிச்சல், அதிகத் தாகம் இருந்தாலோ பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். தேக்காவுக்கு அருகிலுள்ள கேகே மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு.

அடித்தால் பயம்தான் வளரும், மெத்தை காயாது!