யுங் வரைந்த வட்டங்கள்

1913ஆம் ஆண்டு அக்டோபரில் தனியே பிரயாணம் செய்துகொண்டிருந்த ஸ்விட்சர்லாந்து தேசத்து மனோவைத்தியர் கார்ல் குஸ்தாவ் யுங், வட கடலுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் இடைப்பட்ட பூமியெல்லாம் வெள்ளத்தில் அமிழ்வதாகவும், அவ்வெள்ளம் இரத்தமாக மாறுவதாகவும் ஒரு தோற்றத்தைக் கண்டு, தமக்கே சித்தப் பிரமை பிடித்துவிடுமோ என்று கலங்கினார். மனோதத்துவ முன்னோடி பிராய்டோடு கொண்டிருந்த உறவு முறிந்தாயிற்று. பாதிரியாரின் புத்திரராகப் பிறந்தும், கிறிஸ்தவ மதம் இனித் தம்மைத் தாங்காது என்று தமக்குள் ஒப்புக்கொண்டாயிற்று. பிரசித்தி பெற்ற அவ்வைத்தியர், ஏரிக்கரையில் கல் பொறுக்கிக் குழந்தையைப் போல் வீடுகளும் மாதா கோயிலும் கட்டி விளையாடினார்; உள்ளே எழுந்த காட்சிகளைக் குறித்து வைத்து, பின்னர்ச் செந்தோல் போர்த்திய பெரிய ஏடொன்றில் பல வருஷகாலம் சித்திரங்களாகத் தீட்டினார். (நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அவ்வேடு 2009இல்தான் அச்சேறியது.)

முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், ஆங்கிலப் போர்வீரர்கள் தங்கியிருந்த முகாமொன்றுக்கு அதிகாரியாக இருக்கையில், காலைதோறும் ஒரு சிறு வட்டச் சித்திரம் வரைவதை அவர் நியமமாகக் கொண்டார். அவருடைய கற்பனைகள் கலையே என்று பிடிவாதமாக ஒரு மாது எழுதிய கடிதம் எரிச்சலூட்டிய மறுநாள், வட்டத்தின் விளிம்பில் ஒரு பகுதி பிய்ந்து, ஒழுங்கு குலைந்து வந்து விழுந்தது! தம் மனம் எவ்வளவு குலைந்திருந்தது என்பதை அவருக்கு அவர் கையே காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த எரிச்சல் வீண் கோபமென்று எனக்குத் தோன்றவில்லை. கலையென்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் ரசிகரின் அபிப்பிராயம் உள்ளே புகுந்துவிடும். அழகாக இருக்கிறதா என்ற விசாரத்தில், இது என்னிடம் என்ன கேட்கிறது என்ற விசாரம் மறைந்துபோகும்.

வரைந்து மனம் தேறும் வழி யுங்கோடு நின்றுவிடவில்லை. க்ஷயரோகத்தால் படுத்திருந்த ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942இல் 'ஆர்ட் தெரபி' என்று பெயரிட்ட சிகிச்சை, இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. தெய்வ தரிசனமோ, தெய்வமே அற்றுப்போன சூன்யமோ மனிதனை உலுக்கும் நிலையை 'ஆன்மிக நெருக்கடி' என்று விவரித்த கிரோஃப் தம்பதிகளும், தங்கள் மூச்சுப் பயிற்சியின் முடிவில் காகிதத்தில் வட்டம் வரையச் சொல்லிவந்தார்கள். சமய சம்பந்தமான இத்தகைய துயரை நோயென்று முத்திரையிடாமல் தனியே குறிக்க, அமெரிக்க மனோவைத்தியர் சங்கமும் 1994இல் தன் நோயறி கையேட்டில் இடம் கொடுத்தது. ஆயினும், நாட்கணக்காக உறக்கம் அற்றவருக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவருக்கும் முதலில் வேண்டியவர் வைத்தியர். வர்ணப் பெட்டி காத்திருக்கலாம். பயிற்சி பெற்றவர் அருகிலிருந்து துணைசெய்யும்போதும், படத்துக்குப் பொருள் சொல்ல அவசரப்படாமல், வரைந்தவர் வாய் திறக்கும் வரையில் பொறுத்திருப்பதே உத்தமம்.