மணலும் முன்ஜாமீனும்

வில்லியனூரை ஒட்டிச் சங்கராபரணி ஓடுகிறது. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணை ஓடுகிறது. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் பெண்ணை நீர் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஆற்று மணல் வெள்ள நீரை உறிஞ்சி, சுற்றுப்புறக் கிணறுகளுக்கு அளிக்கிறது. கடலோரத்தில் உப்புநீர் உள்ளே ஏறாதபடி காப்பதும் அந்த ஊற்றுநீரேயாகும். ஆகவே, அனுமதியின்றி மணலை வாரிச் செல்பவன் சர்க்கார் சொத்தை மாத்திரம் அபகரிக்கவில்லை. குடியானவனுடைய நாளைய நீரையும் அபகரிக்கிறான்.

இத்தகைய வழக்குகளில் முன்ஜாமீன் எதற்கு என்று நண்பர் பலர் ஆத்திரத்துடன் கேட்கின்றனர். அந்த ஆத்திரத்தில் நமக்கும் பங்குண்டு. ஆயினும், அவ்வுரிமையையே ஒழித்துவிட வேண்டுமென்பதை நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம்.

பிரிட்டிஷார் இயற்றிய 1898ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீன் என்ற ஷரத்தே இருந்ததில்லை. செல்வாக்குள்ளவர்கள் தங்கள் விரோதிகளைப் பொய் வழக்கில் மாட்டிச் சிறைக்கு அனுப்பி அவமதிக்கிறார்கள் என்பதைக் கண்டே, 1969ல் சட்டக் கமிஷன் இதைச் சிபார்சு செய்தது. 1973ம் வருஷத்துச் சட்டத்தின் 438வது பிரிவாக அது இடம் பெற்றது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 482வது பிரிவாக விளங்குகிறது. மணற் கொள்ளையை எதிர்த்துக் குரல் கொடுக்கும் கிராமத் தொண்டன் மீதே நாளை ஒரு பொய் வழக்குப் பாயலாம். அன்று அவனுக்கு இதுவே கேடயம்.

சட்டத்தின் கடுமைக்கும் குறைவில்லை. 1957ம் வருஷத்துச் சுரங்க, கனிமச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தரின் எழுத்து மூலமான புகாரின்றி அச்சட்டப்படி கோர்ட்டு விசாரணைக்கு எடுக்க முடியாது. ஆனால் ஆற்று மணலை எடுப்பது திருட்டுக் குற்றமுமாகும். அதற்குப் போலீசார் தனியே வழக்குத் தொடர இது தடையன்று என்று 2014ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இனி, அநீதி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கைதான பிறகு முன்ஜாமீனுக்கு இடமில்லை. நள்ளிரவில் ஆற்றில் பிடிபடுபவன் யார்? கூலிக்கு மாட்டுவண்டி ஓட்டுபவன், மண்வெட்டி பிடிப்பவன். அவன் வக்கீலைத் தேடுவதற்கு முன்பே லாக்கப்பில் இருக்கிறான். பணம் போட்டவனோ ஆற்றங்கரைக்கே வருவதில்லை. தன் பெயர் வெளிப்பட்டது தெரிந்ததும் செஷன்ஸ் கோர்ட்டுக்கும், பிறகு சென்னை ஐகோர்ட்டுக்கும் செல்ல அவனுக்கு அவகாசம் உண்டு, பொருளும் உண்டு. செல்வாக்குள்ளவனிடமிருந்து எளியவனைக் காக்கப் பிறந்த பரிகாரம், செல்வாக்குள்ளவனுக்கே குடையாகிவிடுகிறது!

இதற்கு மருந்து உரிமையைப் பறிப்பதன்று. அதை இரு தரத்தாருக்கும் சமமாக்குவதே. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில் இயந்திரம் போல் கைது செய்யலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2014ல் எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையின் பலன் வண்டிக்காரனுக்கும் கிட்டட்டும். முன்ஜாமீனைச் சாதாரணமாகக் காலவரம்புக்கு உட்படுத்தக் கூடாதெனினும், வழக்கின் தன்மைக்கேற்ப நிபந்தனை விதிக்கலாமென்று 2020ல் ஐந்து நீதிபதிகள் கூறினர். மணல் யாருக்காக எடுக்கப்பட்டது, லாபம் யாரைச் சேர்ந்தது என்ற கேள்விகளை எழுப்ப வேண்டியது சர்க்கார் வக்கீலின் கடமை. அவர் கேளாமல் நிற்பாராயின் கோர்ட்டைக் குறை கூறி என்ன பயன்?

உத்தியோகஸ்தரும் தம் புகாரைத் தாமதமின்றி எழுதட்டும். வழக்கு முடியாதவரை முன்ஜாமீன் பெற்றவன் விடுதலை பெற்றவனைப் போலவே உலாவுவான். வில்லியனூர், பாகூர் ஜனங்கள் கேட்பது எவரையும் அவசரமாகச் சிறையிலடைக்க வேண்டுமென்பதன்று. உண்மைக் குற்றவாளி விசாரணைக் கூண்டில் ஏற வேண்டுமென்பதே. அது நடக்கும்வரை ஆறும் வற்றும், நியாயத்தில் நம்பிக்கையும் வற்றும்.