மெத்தைக்குள் ஓர் அழுத்தப் பாடம்

மாணவர்களே, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி கடைசிவரை பலகைக் கட்டிலில்தான் படுத்தார். இடுப்புவலியால் தூக்கமின்றித் தவித்த அம்மாவுக்கு, அதே ரப்பர் பாலில் செய்த நுரை அடுக்குகளை வாங்கி நானே மெத்தை அமைத்தேன்.

முதலில் 3 அடுக்குகளையும் மென்மையாகவே வாங்கிவிட்டேன். இடுப்பு பள்ளத்தில் இறங்கியது. முதுகெலும்பு வளைந்து வலி கூடியது. ஏன்?

விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். பக்கவாட்டில் படுக்கும்போது தோளும் இடுப்பும் சிறு பரப்பில் அதிக எடையைத் தாங்குகின்றன. மேலே உள்ள மென்மையான அடுக்கு அமுங்கி, உடலைத் தொடும் பரப்பைக் கூட்டுவதால் அழுத்தம் குறைகிறது. ஆனால், உடல் மேலும் இறங்காமல் தடுக்க அடியில் உறுதியான அடுக்கு வேண்டும்.

நுரை செய்யும் முறையையும் கவனிக்க வேண்டும். டன்லப் முறையில் கனமான துகள்கள் அச்சின் அடியில் படிவதால் அந்தப் பக்கம் அடர்த்தி கூடும். தலலே முறையில் நுரையை வெற்றிடத்தில் விரியச் செய்து உறைய வைப்பதால் அடர்த்தி ஏறக்குறையச் சீராக இருக்கும்.

கீழ் 2 அடுக்குகளை மட்டும் உறுதியானவையாக மாற்றினேன். அம்மாவின் முதுகெலும்பு நேரானது, தூக்கமும் வந்தது.

வீட்டில் ஒரு ஸ்பாஞ்சை ஒரே விசையில் விரல் நுனியாலும் உள்ளங்கையாலும் அழுத்திப் பாருங்கள். எது ஆழமாக இறங்குகிறது?