சாரல் நேரத்தில் கதவு ஏன் இறுகுது? மரவேலையை ஹாபியாக்க நினைப்பவர்களுக்கு ஒரு தென்காசி கைடு!

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசி பக்கத்து வீடுகளில் ஒரு பஞ்சாயத்து தொடங்கும். போன மாதம் வரை விரலால் தள்ளினாலே மூடிய கதவு, இப்போது தோள் கொடுத்தால்தான் மூடும். மேஜை டிராயர் பாதியில் நின்றுவிடும். ``மரம் சரியில்ல, ஆசாரி ஏமாத்திட்டாரு'' என்று பேச்சு எழும்.

பழியை ஆசாரி மேல் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம். உங்கள் கதவு காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் பருத்திருக்கிறது, அவ்வளவுதான். பனிக்காலம் முடிந்து வெயில் ஏறினால், தானாகவே இளைத்துவிடும்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், மரவேலையில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ரீல்ஸில் பார்த்து ஆசைப்பட்டு, மெஷின் எல்லாம் ஆர்டர் செய்து, முதல் வேலையாகவே டைனிங் டேபிள் செய்யக் கிளம்புபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அந்த டேபிள் பாதியில் நின்று மொட்டைமாடியில் துணி காயப்போட உதவும். அதற்குப் பதில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஒரு சின்னப் பொருள் என்று போனால் மரமும் ஒத்துழைக்கும், வீடும் ஒத்துழைக்கும்.

மரம் எப்படிப் பருக்கிறது?

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது. அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். ஓர் அடி அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் 4 சதவிகிதம் ஏறினால், அது சுமார் 2 மில்லிமீட்டர் வரை விரியலாம். கதவு இறுகுவதற்கு இது போதாதா? இத்தனைக்கும் தேக்கு, குறைவாக அசையும் மரங்களில் ஒன்று.

தென்காசிக்கு இதில் டபுள் டோஸ். ஆரியங்காவு கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று ஜூனிலிருந்து சாரலைக் கொண்டுவருகிறது. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. நடுவிலும் கோடையிலும் நல்ல வெயில். ஆக, இங்கே மரம் வருஷம் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எனவே, சீஸன் நேரத்தில் பலகையை வாங்கி அன்றைக்கே அறுக்க வேண்டாம். வீட்டுக்குள் சுவரிலிருந்து தள்ளி, இடையிடையே சின்னச் சின்னக் குச்சிகள் கொடுத்து அடுக்கி, ஓரிரு வாரம் விடுங்கள். பச்சை மரம் என்றால், ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. அகலமான பலகையை நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்கவும் கூடாது. அசைய இடமில்லாத பலகை, ஒருநாள் வெடித்துவிடும்.

எந்த மரம் வாங்கலாம்?

தென்காசி, செங்கோட்டை பகுதியில் இருப்பவர்களுக்கு மரம் கைக்கெட்டும் தூரத்தில். இங்கே மர அறுவை மில்கள் உண்டு. 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு சேரும் வரை செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சி எல்லைக்குள் இருந்த ஊர். அந்த மலையாளத் தொடர்பும், மலையைக் குடைந்து போன கொல்லம் ரயில் பாதையும் இந்த ஊர்களின் வியாபாரத்தோடு கலந்தவை.

ஹாபிக்கு முழுத்தடி தேவையில்லை. மில்லில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கினாலே இரண்டு மாதத்துக்கு வேலை இருக்கும். வாங்கும்போது, வைரம் பாய்ந்த நடுப்பகுதியா, ஓரத்து வெளிர்ப்பகுதியா என்று பாருங்கள். வெளிர்ப்பகுதியைப் பூச்சி சீக்கிரம் பிடிக்கும்.

தேக்கு விலை அதிகம். ஆனால், நிலைத்து நிற்கும். வேம்பு பரவலாகக் கிடைக்கும். சிலருக்கு அதன் தூள் மூக்கை அரிக்கும். பலா மரம் இழைக்கும்போது பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும், நாளாக ஆகப் பழுப்பேறும். தஞ்சாவூர் வீணை செய்வது பலாவில்தான். குற்றாலநாதர் கோயிலின் தல விருட்சமும் குறும்பலாதான் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததே.

ஒரு எச்சரிக்கை. மலையில் தானாக விழுந்து கிடக்கும் கொம்பாக இருந்தாலும், காப்புக்காட்டிலிருந்து எடுத்துவருவது சட்டப்படி குற்றம். சந்தனம், ஈட்டி போன்ற மரங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. பில்லோடு வாங்குங்கள்.

நாலு வாரம், நாலு பொருள்

முதலில் மெஷின் வேண்டாம். ஒரு கை ரம்பம், அரை அங்குல உளி, கொட்டாப்புளி, சின்ன இழைப்புளி, மூலைமட்டம், ஒரு ஜோடி கிளாம்ப், கை டிரில், தீட்டும் கல். இவ்வளவு போதும். இதில் பலரும் வாங்காமல் விடுவது தீட்டும் கல்லைத்தான். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போதுதான் அது வழுக்கிக் கையில் பாயும்.

முதல் வாரம், கரண்டி மாட்ட ஒரு கொக்கிப் பலகை. நேராக அறுக்கவும், சம இடைவெளியில் துளை போடவும் பழகலாம். கிச்சனில் உடனே உபயோகத்துக்கு வருவதால், அடுத்த வாரத்துக்கான அனுமதியும் சுலபமாகக் கிடைக்கும்!

இரண்டாவது வாரம், போன் ஸ்டாண்டு. பலகையில் சாய்வாக ஒரு பள்ளம் செதுக்க வேண்டும். உளியின் பழக்கம் இதில் வந்துவிடும்.

மூன்றாவது வாரம், தாத்தா பாட்டிக்கு ஒரு மணை. ஒரு பலகை, அடியில் இரண்டு கால் கட்டைகள். பலகை எப்படி விரியும் என்பதை யோசித்துக் காலைப் பொருத்துவதில்தான் இதன் பாடம் இருக்கிறது.

நான்காவது வாரம், பல்லாங்குழி. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, மொத்தம் 14. வளைந்த உளியால் குழி தோண்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவதற்கு ஒரே ஞாயிறு போதாது. குழந்தைகளிடம் உப்புத்தாளைக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஏழு குழி என்று போட்டி போட்டுத் தேய்ப்பார்கள். கையால் ஒரு பொருளைச் செய்வதும் படிப்புதான் என்று, 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் நடுவிலேயே வைத்தது. ஹோம்வொர்க் பட்டியலில் இல்லாத அந்தப் பாடத்தை வீட்டு மாடியிலேயே நடத்தலாம்.

வீட்டில் சண்டை வராமல் இருக்க...

மதியத் தூக்க நேரத்தில் சுத்தியல் வேண்டாம். காலை 9 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடித்துவிடுங்கள். முடித்ததும் பெருக்குவது உங்கள் வேலை, அம்மாவின் வேலையோ மனைவியின் வேலையோ இல்லை.

தூள் விஷயத்தில் அலட்சியம் கூடாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. வருஷக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கே ஆபத்து மிக அதிகம் என்றாலும், காற்றோட்டமான இடமும் நல்ல மாஸ்க்கும் ஹாபிக்காரர்களுக்கும் அவசியம். ஆஸ்துமா இருப்பவர்கள் உள்ள வீட்டில், அறைக்குள் தேய்க்கவே வேண்டாம்.

கல் அறுக்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி வேலை பார்க்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் உங்கள் பக்கமே எகிறும். சுழலும் மெஷின் பக்கத்தில் துணி கிளவுஸ், துப்பட்டா, தளர்ந்த வேட்டி எதுவும் ஆகாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனையுங்கள், அல்லது வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பாடம்

குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவர்கள் கடைத்தெருவில் நடைவண்டி, பம்பரம், சொப்பு சாமான் வாங்காமல் திரும்பியதில்லை என்றொரு காலம் இருந்தது. அந்தச் சொப்புக்குப் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம். தென்காசியிலிருந்து கடையம் வழியாகப் போனால் வரும்.

மஞ்சக்கடம்பு போன்ற மரத்துண்டைக் கடைசல் மெஷினில் சுழலவிட்டு, உளியை வைத்தால் சட்டியும் குடமும் உருவாகிக்கொண்டே வரும். பிறகு, சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்கை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். தாழை ஓலையால் தேய்த்ததும் பளபளப்பு வந்துவிடும்.

இன்றைக்கு பிளாஸ்டிக் செட் அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. விலையை மட்டும் பார்த்தால் சொப்பு தோற்றுப்போகும். ஆனால், நீங்கள் பல்லாங்குழியில் ஒரே அளவில் 14 குழி தோண்டப் படாதபாடு பட்ட பிறகு அந்தக் கடைக்குப் போய்ப் பாருங்கள். அளவுகோல் இல்லாமல், கண்ணளவில் இரண்டு சொப்பு ஒரே மாதிரி வருவதன் விலை அப்போது தெரியும். பேரம் பேச வாய் வராது.

ஹாபியாக உளி பிடிப்பவர் யாரும் ஆசாரியாகிவிட மாட்டார். ஆனால், அவர் வேலையைப் பார்த்து, ``இதுக்கு இவ்வளவா?'' என்று கேட்காத வாடிக்கையாளராக மாறலாம். கைத்தொழில் பிழைப்பதற்கு அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள்தான் தேவை.

அப்புறம், அந்த இறுகிய கதவு? சாரல் நேரத்தில் அவசரப்பட்டு இழைத்துவிடாதீர்கள். வெயில் காலத்தில் சந்து விழுந்துவிடும். இப்போதைக்கு உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து வையுங்கள். வெயில் வந்ததும் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த வீடியோவிலும் கிடைக்காத ஒரு கிளாஸ் அது.