ஏடுகளில் ஒரு சுரங்கக் குடும்பம்

நுழையும்முன்

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காத்துத் தந்தன. உழைத்து வாழ்ந்த எளிய குடும்பங்களின் வரலாறு எங்கே இருக்கிறது? அரசு தன் தேவைக்காகத் தொகுத்த பதிவேடுகளில் அது சிதறிக் கிடக்கிறது. இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் வாழ்ந்த நிலக்கரி, கல்கரித் தொழிலாளர் குடும்பங்களைச் சான்றாகக் கொண்டு, அவ்வேடுகளைப் படித்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கரியும் கல்கரியும்

டர்ஹாம், இங்கிலாந்தின் வடகிழக்கில் அமைந்த மாவட்டம். அதன் மேற்குப் பகுதியில் கிடைத்த நிலக்கரி, கல்கரி செய்வதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. காற்று மிகுதியாகப் புகாதவாறு நிலக்கரியைச் சூடேற்றினால், அதிலுள்ள வாயுக்களும் தாரும் வெளியேறும். எஞ்சுவது உறுதியும் நுண்துளைகளும் கொண்ட கல்கரி ஆகும். இதனைக் கோக் என்றும் வழங்குவர். 1709-இல் ஆபிரகாம் டார்பி என்பவர் கோல்புரூக்டேல் என்னும் ஊரில் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். பின்னர் இரும்புத் தொழில் பெருகப் பெருகக் கல்கரியின் தேவையும் வளர்ந்தது.

கவிழ்த்த குடம் போன்ற செங்கற்சூளைகளில் கல்கரி செய்யப்பட்டது. மேல்துளை வழியாக நிலக்கரியைக் கொட்டி, வாயிலைச் செங்கல்லால் அடைத்து, இரண்டு மூன்று நாள்கள் வேகவிடுவர். பின்னர் அடைப்பைப் பிரித்து, நீர் தெளித்துத் தணித்து, நீண்ட இரும்புக் கோல்களால் கல்கரியை வெளியே இழுப்பர். அனலுக்கும் புகைக்கும் முன்னே நின்று செய்யவேண்டிய கடும்பணி அது. ஒரு வீட்டில் தந்தை பூமிக்கடியில் கரி வெட்டுவதும், மகன் சூளையடியில் கல்கரி இழுப்பதும் அக்காலத்தில் இயல்பாக இருந்தன.

ஏடுகள் கூறும் செய்தி

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவுசெய்யும் முறை 1837, ஜூலை முதல் நாளில் தொடங்கியது. பிறப்புப் பதிவில் தந்தையின் தொழிலும் இடம்பெற்றது. எழுத அறியாதவர் கையொப்பத்திற்கு மாற்றாகச் சிலுவைக்குறி இட்டனர். பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1841 முதல் அனைவர் பெயரும் எழுதப்பட்டன. 1851 முதல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பதும், பிறந்த ஊரும் சேர்க்கப்பட்டன.

பிறந்த ஊர் என்னும் அந்த ஒரு கட்டமே பெருஞ்செய்தி கூறவல்லது. 1861-ஆம் ஆண்டுக்குரியதாக ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை நிலக்கரி வெட்டுபவர். பதினைந்து வயது மூத்த மகன் சுரங்கத்தில் வண்டி தள்ளுபவன். பிறந்த ஊர் ஹெட்டன். பன்னிரண்டு வயது இளைய மகன் கல்கரிச் சூளையில் வேலை செய்பவன். பிறந்த ஊர் குரூக். மூன்று வயது மகள் பிறந்த ஊர் டோ லா. பிள்ளைகளின் பிறந்த ஊர்களை வரிசைப்படுத்தினால், அக்குடும்பம் இடம்பெயர்ந்த வழி புலப்படும்.

இவ்வாறு ஊர் ஊராக அலைந்ததற்குக் காரணம் உண்டு. டர்ஹாமில் சுரங்கத் தொழிலாளர் ஆண்டுதோறும் ஒப்பந்தத்தில் பிணைக்கப்பட்டனர். 1872 வரை இம்முறை நீடித்தது. ஆண்டு முடிந்ததும் மேலான கூலி கிடைக்கும் சுரங்கத்தைத் தேடிக் குடும்பங்கள் பெயர்ந்தன. குடியிருந்த வீடும் பெரும்பாலும் சுரங்க உரிமையாளருடையது. வேலை போனால் வீடும் போகும். 1844-இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் குடும்பங்கள் தட்டுமுட்டுப் பொருள்களோடு தெருவில் தள்ளப்பட்டன.

சிறுவர்களின் தொழிலைக் குறிக்கும் கட்டமும் சட்ட வரலாற்றோடு தொடர்புடையது. 1842-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்தினுள் பணியமர்த்தத் தடை விதித்தது. பத்து வயதைக் கடந்த சிறுவர்கள் அதன் பின்னரும் இருளில் இறங்கினர்.

ஏடுகள் கூறாத செய்தி

சுரங்கத் தொழிலாளியின் மனைவி பெயருக்கு நேரே தொழில் என்னும் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். ஆனால் அவ்வீட்டில் ஓய்வின்றி உழைத்தவர் அவரே. கணவரும் பிள்ளைகளும் வெவ்வேறு நேரமுறைகளில் வேலைக்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் உரிய வேளையில் உணவு சமைக்கவேண்டும். கரி படிந்து திரும்புபவர் குளிக்க வெந்நீர் காய்ச்சவேண்டும். உடைகளைத் துவைத்து அடுப்பருகே உலர்த்தவேண்டும். சுரங்க வாயிலில் குளியலறைகள் பரவலாக அமையும்வரை, அடுப்பின் முன் வைத்த தகரத் தொட்டியே குளியலறையாக இருந்தது. கரி வெட்டியவருக்குக் கூலி உண்டு. அவரை மறுநாள் வேலைக்கு அனுப்பிவைத்தவருக்குக் கூலியும் இல்லை, ஏட்டில் இடமும் இல்லை. திருமணப் பதிவேட்டிலும் மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் மட்டுமே எழுதப்பட்டன. தாயின் பெயருக்கு அதில் இடம் கிடைத்தது 2021-இல்தான்.

சுரங்க விபத்துகளின் சுமையும் பெண்கள் மீதே விழுந்தது. 1909-இல் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்க வெடிப்பில் 168 பேர் மாண்டனர். இத்தகைய இழப்புக்குப் பிந்தைய கணக்கெடுப்பில் கைம்பெண்ணே குடும்பத் தலைவராக இடம்பெறுவார். அவர் பெயருக்குக் கீழே, வாடகைக்குத் தங்கியவர்களின் பெயர்களும் காணப்படலாம். அவ்வீடு எவ்வாறு பிழைத்தது என்பதற்கு அப்பெயர்களே சான்று.

1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மணமான பெண்களிடம் புதிய வினாக்களை எழுப்பியது. பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடு இருப்போர் எத்தனை, இறந்தோர் எத்தனை என்பவையே அவை. ஒரு தாயின் வாழ்நாள் துயரம் ஒற்றை எண்ணாகச் சுருங்கி அக்கட்டத்தில் நிற்கிறது. 1939-இல் எடுக்கப்பட்ட பதிவேட்டில், ஊதியமற்ற இல்லப்பணி என்னும் தொடர் இல்லத்தரசியரின் பெயருக்கு நேரே எழுதப்பட்டது. வெறுமையாக விடப்பட்ட கட்டத்தில், தாமதமாகவேனும் உழைப்பு என ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

தேடலின் பயன்

கிழக்குக் கடற்கரையிலிருந்த ஈசிங்டன் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. சுரங்கங்கள் மறைந்தாலும் ஏடுகள் எஞ்சியுள்ளன. பிரித்தானியாவில் கணக்கெடுப்புப் படிவங்கள் நூறாண்டுக்குப் பின் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022-இல் வெளிவந்தன. இந்தியாவில், 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி, தனிமனிதர் விவரங்களைப் பொதுமக்கள் பார்வையிட இயலாது. எனவே இங்குக் குடும்ப வரலாற்றைத் தேடுவோருக்குப் பழைய பத்திரங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் முதியோரின் நினைவுகளுமே ஏடுகளாகின்றன. அவற்றுள் நினைவு மட்டும் காத்திருப்பதில்லை. பாட்டியிடம் இன்று கேட்டு எழுதாத செய்தியை, நாளை எந்த ஆவணத்திலும் தேடிப் பெற இயலாது.