காத்திருத்தலின் கணிதம்

ஒரு கணினி கேட்க, மற்றொரு கணினி விடையளித்தலே இன்றைய வலையமைப்புக்களிற் பெருவழக்கு. விடையளிக்கும் கணினியைச் சேவையகம் என்பர். பலர் ஒரே காலத்திற் கேட்பின், வேண்டுகோள்கள் தபாற்கந்தோரில் முத்திரை வாங்க நிற்போரைப் போல வரிசையில் நிற்கும். ஆகவே சேவையகத்தின் ஆற்றலை ஆராய்தல் பெரிதும் வரிசையை ஆராய்தலேயாகும்.

இவ்வாராய்ச்சி கணினிக்கு முற்பட்டது. கோப்பன்கேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய எர்லாங் என்னும் டென்மார்க் நாட்டறிஞர், எழுமாற்றாக வரும் அழைப்புக்களும் நிகழ்தகவு விதியொன்றுக்கு அமைவதை 1909 இற் காட்டினார். அவ்வழியிற் பிறந்த முடிபொன்று வியப்புக்குரியது. வேண்டுகோள்களின் வருகையும் வேலையளவும் எழுமாற்றாக அமைய, ஒரு வேலைக்குச் சராசரி ஒரு செக்கன் வேண்டுமெனக் கொள்வோம். சேவையகம் பாதி நேரம் உழைக்கும்போது விடை பெறச் சராசரி 2 செக்கன் செல்லும். நூற்றுக்கு 80 பங்கு உழைப்பின் 5 செக்கன். 90 பங்காயின் 10 செக்கன். பத்திலொரு பங்கு ஓய்ந்திருக்கும் பொறியைக் கண்டு இன்னும் இடமுண்டு எனக் கருதும் நிருவாகி ஏமாறுவது இங்கேதான். உழைப்பு 95 பங்கானதும் தாமதம் 20 செக்கனாகிவிடும்!

இக்கணிப்பில் வருவோர் தொகைக்கு எல்லையில்லை. குறித்த சிலரே பயன்படுத்தும் பொறிக்கு நிலைமை வேறு. விடை பெறாதவர் அடுத்ததைக் கேட்கார். மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் பலர் நேரம் பகிர்ந்து பயன்படுத்திய கணினியொன்றை அலன் ஷேர் என்பவர் ஆராய்ந்து, 1965 இல் முடிபுகளை வெளியிட்டார். பயன்படுத்துவோர் சிந்திக்கும் நேரத்தையும் பொறி உழைக்கும் நேரத்தையும் அவர் அளந்தார். பொறியின் உள்ளமைப்பிற் பெரும்பகுதியை விலக்கி, மிக எளிய மாதிரியொன்றை வகுத்தார். அதன் கணிப்பு அளவீட்டோடு நன்கு பொருந்திற்று. சிந்தனைக்கு 30 செக்கனும் வேலைக்கு ஒரு செக்கனும் எனக் கொள்க. ஏறக்குறைய 31 பேரோடு பொறியின் ஆற்றல் முடியும். அதன்மேல் வரும் ஒவ்வொருவரும் எல்லோர்க்கும் ஒவ்வொரு செக்கன் தாமதத்தைக் கூட்டுவர். 61 பேராயின் விடைக்கு 31 செக்கன் காத்திருத்தல் வேண்டும். ஆட்டொகையை வேலைநேரத்தாற் பெருக்கிச் சிந்தனைநேரத்தைக் கழிப்பின் இது பெறப்படும்.

ஆயின், தொலைபேசிக்கு இசைந்த எழுமாற்று வருகை கணினித் தரவுக்கு அவ்வாறு இசையவில்லை. அமெரிக்காவிற் பெல்கோர் ஆய்வுகூடத்தின் ஈதர்நெற் வலையமைப்பிற் பெற்ற அளவீடுகளைக் கொண்டு, லீலண்ட் முதலிய நால்வர் இதனை 1993 இல் நிறுவினர். அழைப்புக்களை நீண்ட நேரத்துக்குத் தொகுத்து நோக்கின் ஏற்றவிறக்கம் மட்டமாகும்; இங்கோ செக்கனாக நோக்கினும் நிமிடமாக நோக்கினும் மணியாக நோக்கினும் கொந்தளிப்பு நீங்கவில்லை. பழைய சூத்திரத்தால் அளவு குறித்த தேக்கிடம் இத்தகைய கொந்தளிப்பில் நிரம்பி வழிதல் கூடும். வழிந்த தரவை மீளவும் அனுப்ப, வரிசை மேலும் நீளும்.